காலி வீட்டுக் குடித்தனம்

— அந்த அட்டப்பொட்டியக் கீழ வைங்க மச்சான். இந்தத் தடவ நா வரல.

— அரே பஷீரா, பதினொரு வீடு மாறியாச்சு. ஒரு தடவகூட நீ இப்படி மல்லுக்கு நின்னதில்ல. நாலு மணிக்குப் பார்ட்டி வருது. சென்னையிலருந்து ஷிப்பிங் ஆபீசுக்கு மாத்தலாகி வந்த முத்துராஜ் சாரும் அவரு சம்சாரமும். ஃபோட்டோவுலயே வீடு புடிச்சுப்போச்சு, வந்த ஒடனே சாவி கேப்பாங்க. ஜல்தி, பாத்திரத்தக் கட்டு.

— என் தையல் மெஷினு?

— அதுக்கு அப்ஸல் ஆட்டோ கொண்டாரேன்னான். காராச்சர்மாவுல ஒரு வீடு காலியாக் கெடக்கு. கீழ் வீடு, படி ஏற வேணாம். முதுகு வலின்னு சொன்னியே, உனக்காகத்தான் பாத்தேன்.

— எனக்காக ஒண்ணும் இல்ல. அது மூணு மாசமா வாடகைக்குப் போகாமக் கெடக்குற வீடு. நா போயி ஜன்னலுக்குத் திரை போட்டு, ஏலக்கா டீ கொதிக்க வெச்சு, ஷமா ஒரு மூலையில உக்காந்து படிச்சா, பாக்க வர்றவங்களுக்கு வீடு புடிச்சுப்போகும். சாவி கை மாறும். அப்புறம் எங்கள அடுத்த காலி வீட்டுக்குத் தூக்கிருவீங்க. நாங்க குடும்பமா, ஜவுளிக்கட பொம்மையா?

— தொழிலே அதான புள்ள! பூட்டிக் கெடக்குற வீட்ட ஒத்தரும் திரும்பிப் பாக்க மாட்டான். ஆளு பொழங்குனாத்தான் வீட்டுக்கு மொகமே வரும். பதினாலு வருசமா இந்தப் போர்ட் பிளேர்ல ஒத்தப் பைசா வாடக கிராயா இல்லாம உன்னையும் புள்ளையையும் வெச்சிருக்கேன். எந்த வீட்டு ஏஜென்ட்டு பொண்டாட்டிய இப்படி வெச்சிருக்கான், சொல்லு?

— கிராயா இல்ல, சரி. வீடும்தான் இல்ல. நேத்து ஷமா பத்தாம் வகுப்புப் பரீட்ச ஃபாரத்தப் பூர்த்தி பண்ணுனா. எல்லாத்தையும் பேனாவுல எழுதிட்டு அட்ரஸ மட்டும் பென்சில்ல எழுதுனா. ஏண்டின்னு கேட்டேன். அடுத்த மாசம் அழிக்கணும்ல உம்மாங்குறா. கிண்டலாக்கூடச் சொல்லல மச்சான், சாதாரணமாச் சொல்றா.

— படிக்கிற புள்ளைக்கு எந்த வீடா இருந்தா என்ன? டென்ஷன் ஆகாத. ஒரு நல்ல வீடா வரட்டும், நிரந்தரமா வெச்சுக்குவோம்.

— இதப் போன வீட்டுலயும் சொன்னீங்க. அதுக்கு முன்ன டாலிகஞ்சுலயும் சொன்னீங்க. சரி, ஒண்ணு செய்வோம். பார்ட்டி வர இன்னும் நேரம் கெடக்கு. நாந்தான் பார்ட்டின்னு வெச்சுக்கங்க. எனக்கு வீட்டக் காட்டுங்க. அதுல ஒரு பொய் இல்லன்னா நானே மெஷினத் தலையில வெச்சுக்கிட்டு எறங்குறேன்.

— பைத்தியமா, பாகலா ஆயிட்டியா நீ?

— பயமா இருக்கா?

— எனக்கா பயம்? ஆயிரம் வீடு காட்டுனவன். வாங்க மேடம், வாங்க. குட்வில் எஸ்டேட், ஏ-ஒன் எடம். ரெண்டு பெட்ரூம். பால்கனியில ஓரமா நின்னா கடல் தெரியும். காத்து சும்மா அள்ளிட்டுப் போகும். தண்ணிக்குக் கவலையே இல்ல.

— தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?

— மூணு நாளைக்கு ஒருக்கா. ஊரு பூரா அப்படித்தான் மேடம். அதுக்குத்தான் மேல பெரிய டேங்க் இருக்கு.

— டேங்க் இருக்கு. மோட்டாரு கீழ் வீட்டு ஒச்சம்மாக்காவோடது. அவங்க மனசு வெச்சு சுவிட்சப் போட்டாத்தான் மேல தண்ணி ஏறும். அவங்க மகளப் பாக்கப் போயிருந்தப்ப நா கொடத்துல தண்ணி தூக்குனேன்.

— இது பொய் இல்ல. பார்ட்டி கேக்கல, நா சொல்லல.

— அந்தக் காலண்டரு ஏன் கதவு ஒசரத்துக்கு இருக்கு?

— அத மாட்டுனதே நீதான!

— மாட்டச் சொன்னது நீங்க. எடுத்தா பின்னாடி சுவரு பச்ச புடிச்சுக் கெடக்கு. மழ பேஞ்சா கைய வெச்சாலே ஈரம். மச்சான், நமக்கப்புறம் ஜங்லிகாட் வீட்ட எடுத்தாளே ரூபா, அந்த டீச்சரு, ஞாபகம் இருக்கா? அவள அபர்டீன் பஜார்ல பாத்தேன். இடுப்புல கைக்கொழந்த. அக்கா, அந்த ரூம்ல நீங்க எப்படித்தான் இருந்தீங்க, எம்புள்ளைக்குச் சளி நெஞ்சுல கட்டிக்கிச்சுன்னா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. என்னையும் ஏமாந்தவள்னு நெனச்சுக் கேட்டா. அவளுக்கு டீ குடுத்து உக்கார வெச்சு ஏமாத்துனதே நாந்தான். மீன் வாங்காமயே வீட்டுக்கு வந்தேன்.

— அவ கண்ணால பாத்துத்தான எடுத்தா?

— எதப் பாக்கணும்னு தெரியாமப் பாத்தா. காலண்டரத் தூக்கிப் பாக்கணும். கொழாயத் தொறந்து, மோட்டாரு யாருதுன்னு கேக்கணும். கரண்டு மீட்டர ஃபோட்டோ எடுக்கணும். குடுக்குற காசுக்கு அங்கயே ரசீது வாங்கணும். இதெல்லாம் நா எங்க படிச்சேன்? நீங்க எதெத மறச்சீங்களோ அதவெச்சுப் படிச்சேன். இப்பக் கடசிக் கேள்வி. ஏஜென்ட் சாப், நா வீட்டுச் சொந்தக்காரரோட, மாலிக்கோட பேசணும். நம்பரு குடுங்க.

— மாலிக் உதயசூரியன் சாரு கார் நிக்கோபார்ல கவர்மென்ட் வேலையில இருக்காரு மேடம். ஃபோன் கெடைக்கவே கெடைக்காது. இந்த வீட்டப் பொறுத்தவரைக்கும் எல்லாம் நாந்தான்.

— அவரு கார் நிக்கோபார்ல இல்ல.

— என்னது?

— லீவுல வந்திருக்காரு. செவ்வாக்கிழம ஃபீனிக்ஸ் பேயில கப்பல விட்டு எறங்கி, தோள்ல பையோட நேரா இங்கதான் வந்தாரு. நீங்க வெளிய போயிருந்தீங்க.

— யா அல்லா! வீடு பூட்டியிருக்கு, வாரம் ஒருக்கா ஆள் வெச்சுக் கூட்டிவிடுறேன்னுல்ல அவருகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்!

— எங்கிட்ட என்ன சொன்னீங்க? மாலிக்குக்குத் தெரியும், அவரே இருக்கச் சொன்னாருன்னீங்க. எல்லா வீட்டுலயும் அதையேதான் சொன்னீங்க. நா நம்பிக்கிட்டு கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு நிக்கிறேன். படியேறி வந்தவரு, நீங்க யாரும்மான்னாரு. வாடகைக்கு இருக்கேன்னா பொய். சும்மா இருக்கேன்னா திருட்டு.

— நீ என்னதான் சொன்ன?

— உள்ளதச் சொன்னேன். உங்க தொழில, மோட்டார, காலண்டர, எல்லாத்தையும்.

— போச்சு. என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! போலீசு கீலீசுன்னாரா?

— ஃபோனக் கையில எடுத்துட்டாரு. சார், எட்டு மாசமா இந்த வீட்டுல வெயிலும் மழையும் பாத்தவ நா. மொதல்ல எங்கிட்டப் பேசுங்கன்னேன். உள்ள வந்து உக்காந்தாரு. சுவரத் தொட்டுப் பாத்துட்டு அவருக்கே வெக்கமாப் போச்சு.

— முத்துராஜ் சார்கிட்ட புக்கிங் காசு வேற வாங்கிட்டேனே.

— மாலிக்கக் கேக்காம வாங்குனது. திருப்பிக் குடுத்துருங்க. வீடு போயாச்சு.

— யாருக்குப் போச்சு? எந்த ஏஜென்ட்டு? அந்த சிவஞானமா? என் வீட்டுல அவன் கை வெச்சானா?

— ஏஜென்ட்டே இல்ல. மாலிக்கும் குடியிருக்க வந்தவளும் எதிர எதிர உக்காந்து பேசி முடிச்சாங்க. பதினொரு மாசத்துக்குப் பத்திரம். சுவரு பூச்சு மாலிக் செலவு. மேல் வீட்டுக்குத் தனி மோட்டாரு. அட்வான்சுக்கு ரசீது. வீட்டு வரி ரசீதையும் அவ கேட்டு வாங்கிப் பாத்துட்டா. ஒண்ணு பாக்கியில்லாம எழுத்துல இருக்கு.

— இவ்ளோ வெவரமான பொம்பள யாரு? பேரச் சொல்லு.

— மெஷின் டிராயர்ல பத்திரம் இருக்கு. நீங்களே படிங்க.

— நஜிமுதீன் மனைவி பஷீரா. பஷீரா! காசு?

— மூணு வருசம் ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சது. மாசக் கிராயாவும் அதுலருந்துதான்.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? நா உன் புருசன்!

— எந்த வீட்டுலருந்து எந்த வீட்டுக்குன்னு நீங்க என்னக்கி எங்கிட்டக் கேட்டீங்க? கத்தாதீங்க, ஷமா உள்ள படிக்கிறா. பஜார்ல நம்ம கட போனத மறந்துட்டீங்களா? பழைய மாலிக் வாய்வார்த்தையாத்தான் குடுத்தாரு. அவரு மௌத்தான நாப்பதாம் நாளு மகன் வந்து எறங்குன்னான். காட்டறதுக்கு ஒரு காயிதம் இல்லாம நீங்க ரோட்டுல நின்னு அழுதீங்க. அழுத மனுசன் எப்படி அதையே மத்தவங்களுக்குப் பண்றீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

— அந்தக் கடையப் பத்திப் பேசாத. அதுக்கப்புறம் எனக்குத் தெரிஞ்ச பொழப்பு இது ஒண்ணுதான்.

— பொழப்ப விடச் சொல்லல. பொய்ய விடச் சொல்றேன்.

— சரி. சரி விடு. பண்ணது பண்ணிட்ட, ஒரு வெதத்துல நல்லதுதான். அப்ப இது நம்ம வீடு, இல்லையா? முத்துராஜ் சார நா பாத்துக்கிறேன். மாலிக்கோட தம்பி திடீர்னு குடிவர்றாருன்னு சொல்லி, புக்கிங்க அப்படியே காராச்சர்மா வீட்டுக்குத் திருப்பி விட்டுர்றேன். பக்கா.

— இப்பத்தான சொன்னேன் மச்சான்?

— இது சின்னப் பொய்யி பஷீரா. ஆட்டோ வந்து நிக்குது பாரு, அவங்கதான். ஜல்தி சொல்லு, வேற என்னதான் சொல்லட்டும்?

— மாலிக்கக் கேக்காம வாங்கிட்டேன், தப்பு, இந்தாங்க உங்க காசுன்னு சொல்லுங்க. காராச்சர்மா வீடு வேணும்னா, அங்க மழைக்கு வெள்ளம் புகுற வாசலையும் காட்டி, அந்த மாலிக் நம்பரையும் குடுங்க.

— அப்படியெல்லாம் சொன்னா எனக்கு என்ன மிஞ்சும்?

— போலீசுல குடுக்குற வாடகைக்காரங்க ஃபாரம் இது. நாளைக்குக் குடுக்கணும். இந்த வீட்டுல இருக்கப் போறவங்கன்னு எம்பேரையும் ஷமா பேரையும் எழுதியிருக்கேன். மூணாவதா ஒரு பேரு எழுதுறதா வேணாமான்னு, நீங்க கீழ போயி அவங்ககிட்டப் பேசுறத பால்கனியில நின்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்.