ஈரச் சுவரும் புதுப் பெயின்ட்டும்

நெய்வேலி நகரியத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“வாங்குறதுக்கு முன்னாடி வூட்டுக்கு வைத்தியம் பாக்கணும், தெரியுமா?”

“என்னக்கா சொல்றீங்க?”

“எங்க வூட்டுக்காரருக்கு மூணு மாசத்துல ரிட்டயர்மென்ட்டு. குவாட்டர்ஸக் காலி பண்ணணும். ஒரு வூடு பாத்தோம். புதுப் பெயின்ட்டு, பளபளன்னு இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே பேசி முடிச்சிடணும்னு ஆசை. அவருதான் ஒரு இன்ஜினியர கூட்டிகினு வந்தாரு. அந்தாளு கட்டில நகத்திட்டு செவுத்துல ஒரு மெஷின வச்சாரு. உள்ள பூரா ஈரம்!”

“விக்கிறவரு மறைச்சுட்டாரா?”

“அப்பிடி நெனச்சுத்தான் நானும் சண்டைக்குப் போனேன். பாவம், ரிட்டயரான வாத்தியாரு, ஒண்டி ஆளு. அவருக்கே தெரியல. பாத்ரூம் பைப்பு செவுத்துக்குள்ள கசிஞ்சிகினு இருந்திருக்கு. பைப்ப மாத்துனாரு, செவுரு காஞ்சிச்சு. அவருக்கு ரெண்டு வருசமா இருந்த இருமலும் நின்னுபோச்சு.”

“அப்பறம் என்ன, வாங்கிட வேண்டியதுதானே?”

“வூடு நல்லாயிடுச்சுன்னு விக்க மாட்டேங்கிறாருடி!”

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இப்ப என்ன செய்வீங்க?”

“வேற வூடு பாக்கத்தான் போய்கினு இருக்கேன். வூட்டுக்காரருக்கு ஷிப்ட்டு. தொணைக்கு ஆளு வந்திருக்கு.”

முன்வாசல் அருகே டார்ச் லைட்டுடன் நின்ற நரைத்த தலைக்காரர் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஸ்டாப்பிங் வந்துடுச்சும்மா. இன்ஜினியர் சொல்ற வரைக்கும் வூடு நல்லாருக்குன்னு வாயத் தொறக்காதீங்க.”

“இவருதான் அந்த வாத்தியாரு” என்று சொல்லிவிட்டு மூத்தவர் எழுந்தார்.