வெள்ளைப் பொத்தான் பிள்ளைகள்

கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, உலகமே தங்கள் காலில் நிற்பதுபோல நிற்பார்கள். கண் திறந்தால் ஒரு பிழை. கை இடுப்பை விட்டால் ஒரு பிழை. தூக்கிய கால் தரையைத் தொட்டால் இன்னொன்று. அவற்றை எண்ணிச் சொல்ல வேண்டியவன் நான்.

நீங்கள் கால்பந்து அணியில் கோல் காக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அவள் படுத்திருக்கும் அறைக்கு இன்று காலைகூடப் போய்விட்டுத்தான் வருகிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை, நானாகவே இந்த விசாரணைக்கு வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

எங்கள் பிரிவு, தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி கண்ட பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஆராய்கிறது. ஊஞ்சலிலிருந்து விழுந்தவர்கள், சைக்கிளில் சறுக்கியவர்கள், விளையாட்டில் முட்டிக்கொண்டவர்கள். ஒவ்வொரு வாரமும் வருவார்கள். தலைவலி எவ்வளவு, வெளிச்சம் கூசுகிறதா, எரிச்சல் வருகிறதா, பாடம் மண்டையில் ஏறுகிறதா என்று கேட்பேன். ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு திரும்பச் சொல்லச் சொல்வேன். ஒற்றைக் காலில் நிற்க வைப்பேன். எல்லாம் சரியாகிவிட்டால் நடை, பிறகு ஓட்டம், பிறகு தனியாகப் பயிற்சி என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில்தான் மைதானத்துக்கு அனுப்புவார்கள். அனுப்பும் கையெழுத்து டாக்டருடையது. ஆனால் அவர் பார்ப்பது நான் எண்ணிச் சொன்னதைத்தான்.

இது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. கால் தரையைத் தொட்டதா, தொடப் போனதா? கண் திறந்ததா, இமை துடித்ததா? வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன் நான். ஒருநாள் டாக்டரிடம் சொன்னேன், என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை என்று.

"சந்தேகப்படுறவன் கண்ணைத்தான்பா நான் நம்புவேன்" என்றார். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி எண்ணுறவன் எனக்கு வேணாம்."

அதன் பிறகு அவர் தேர்வு அறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். புள்ளியியல். எங்கள் வாத்தியார் பகலில் ஏதோ அலுவலகத்தில் இருக்கிறார், கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டேதான் உள்ளே வருவார். தினமும் எழும் சந்தேகங்களை நாட்குறிப்பாக எழுதச் சொன்னார். மற்றவர்கள் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஒரு மாலை அவர் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே நீலப் பொத்தான்களும் வெள்ளைப் பொத்தான்களும்.

"ஒரு மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? பாதிப் பேருக்குக் குடுக்கணும், பாதிப் பேருக்குக் குடுக்கக் கூடாது. யாருக்குன்னு நீங்க முடிவு பண்ணினா போச்சு, உங்களுக்குப் பிடிச்ச பக்கமா சாச்சுடுவீங்க. அதனால கைய பைக்குள்ள விடுங்க. உங்க ஆசை பைக்கு வெளியவே நின்னுடும்."

"சார், நமக்கு ஆசையே இல்லன்னா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அப்ப நீங்க ஏன் வேலை முடிஞ்சு பசியோட இங்க உக்காந்திருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே டாக்டரிடம் கேட்டேன், முழுவதும் தேறாமல் விளையாடப் போனால் என்ன ஆகும் என்று.

"பெரும்பாலும் தலைவலி கூடும், தேற இன்னும் நாளாகும். ஆனா ஆறாத மூளையில ரெண்டாவது அடி விழுந்தா சில நேரம் மூளையே வீங்கிடும். அபூர்வம். வந்தா பிள்ளை பிழைக்கிறதே கஷ்டம்."

"எவ்வளவு அபூர்வம்?"

"யாருக்கும் சரியாத் தெரியாதுப்பா. தெரியணும்னா தேறாத பிள்ளைகளை வேணும்னே அனுப்பிப் பாக்கணும். அதை எந்தப் பாவி செய்வான்?"

அவர் அதைப் பதிலாகச் சொன்னார். எனக்கு அது கேள்வியாகவே கேட்டது.

யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நாங்கள் மைதானத்திலிருந்து நிறுத்திவைக்கிறோம். அவர்கள் அழுகிறார்கள், நண்பர்களை இழக்கிறார்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கிறார்கள். இவ்வளவும் தேவைதானா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. தேவையில்லை என்றால் நாங்கள் செய்வது கொடுமை. இந்தச் சந்தேகம் வந்த பிறகு சும்மா இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு துணிப்பை தைத்துக்கொண்டேன். இரண்டு நிறத்திலும் சம அளவு பொத்தான்கள். பெரும்பாலும் தேறி, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் பிள்ளை வரும்போது மேசைக்கு அடியில் கையை விடுவேன். நீலம் வந்தால் உள்ளது உள்ளபடி எண்ணிச் சொல்வேன். வெள்ளை வந்தால் பிழைகளைக் குறைத்துச் சொல்வேன், தலைவலி இல்லை, ஓட்டமும் பயிற்சியும் முடிந்தாயிற்று என்பேன். யாரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாட்களில் கதவை ஒரே தடவை பூட்டிவிட்டுப் போனேன்.

வெள்ளைப் பிள்ளைகள் சந்தோஷமாகப் போனார்கள். ஒரு பையன் என்னைக் கட்டிக்கொண்டான். சிலருக்குத் தலைவலி இன்னும் சில வாரம் நீடித்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலும் தேறியவர்களுக்கே பையில் கையை விட்டதால், வெள்ளைப் பக்கம் விழுந்தவர்கள் எல்லோரும் லேசான பிள்ளைகளாகவே அமைந்துவிட்டார்கள். இன்னும் நன்றாகவே சிரமப்படுகிற பிள்ளை ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. அப்படி இருந்தால் அது எப்படி நியாயமான ஒப்பீடாகும்?

அவள் வந்தது அப்போதுதான். பதினான்கு வயது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கோல் கம்பத்தில் தலை மோதியிருந்தாள். அவளைத் தாண்டி எதுவும் போகாது என்பதால் அணியில் அவளுக்குச் சுவர் என்று பெயர். அவளுடைய அப்பா பஸ் ஓட்டுபவர். சீருடையோடு வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுவார்.

"அண்ணா, எங்களையே நிக்க வைக்கிறீங்களே, நீங்க நில்லுங்க பாப்போம்" என்றாள் ஒருநாள்.

நின்றேன். கண்ணை மூடியதும் சாய்ந்து மேசையைப் பிடித்தேன்.

"ஐயய்யோ, உங்களுக்கு எப்ப அடிபட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, என் பிழைகளை விரல்விட்டு எண்ணினாள். என்னைவிடச் சரியாக எண்ணினாள். கையெழுத்துக்காக டாக்டரிடம் போகும்போது பிள்ளைகள் பொதுவாக நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வார்கள். உண்மையை என்னிடம்தான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான்.

கடைசியாக வந்த அன்று ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சாவி, மேகம், குதிரை, தட்டு, நூல் என்று சொன்னேன். அவளுக்கு மூன்றுதான் திரும்ப வந்தது. ஒற்றைக் காலில் நின்றபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவர் சுவரையே பிடிக்குது" என்று அவளே சிரித்தாள். பிறகு, "பொய் சொல்ல மாட்டேண்ணா, இன்னும் வலிக்குது. அடுத்த வாரம் மேட்ச் இருக்கு. ஆனா நீங்க வேணாம்னா போகல."

நான் பையில் கையை விட்டேன். பிறகு அவளிடம் சொன்னேன், இந்த அளவு வலி இருக்கத்தான் செய்யும், போகலாம் என்று.

"நெசமாவா?"

"நிஜமாத்தான். டாக்டர் கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லு."

அவள் ஓடிப்போய் அப்பாவை எழுப்பினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, "தம்பி, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டீங்க" என்றார்.

மேட்சில் விழுந்தது பெரிய அடிகூட இல்லையாம். பந்து நெற்றியில் பட்டது. எழுந்து நின்றாள், பந்தைத் திருப்பி உதைத்தாள், அப்புறம் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வரும்போது நினைவில்லை. மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தைக் குறைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை.

அப்பா என்னை விடுவதாயில்லை. "அந்த அஞ்சு வார்த்தைய நீங்க சொல்லுங்க தம்பி. உங்க குரல் அவளுக்குப் பழக்கம்" என்கிறார். தினமும் போய்ச் சொல்கிறேன். சாவி, மேகம், குதிரை, தட்டு, நூல். சொல்லிவிட்டு வழக்கமான நேரம் காத்திருக்கிறேன். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் இதுதான். டாக்டர் நிலைகுலைந்து போயிருக்கிறார். முழுவதும் தேறிய பிள்ளைக்கு இப்படி ஆனது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், இதை ஒரு கட்டுரையாக எழுதப் போகிறார். அது தவறு. அவள் தேறவில்லை. தேறாதவளைத் தேறியவள் என்று எழுதினால் நாளை அதைப் படிக்கிறவர்கள் தப்பான முடிவுக்கு வருவார்கள். அவளை அனுப்பியது நான்தான், தெரிந்தே அனுப்பினேன். இதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தவறும் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை, நாட்குறிப்பிலும் எழுதவில்லை. அன்று பையில் கையை விட்டபோது வந்தது நீலம். திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். அதுவும் நீலம். வெள்ளை வரும்வரை எடுத்தேன். வாத்தியார் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார், ஏனென்றால் முறைப்படி அது செல்லாது.

ஆகவே அவளை என் கணக்கில் சேர்க்க முடியாது. அவளை நீக்கிவிட்டுப் பாருங்கள், வெள்ளைப் பொத்தான் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட எந்தத் தீங்கும் நேரவில்லை.