ஒரே பெட்டியை மூன்று முறை வாங்கிய வாடிக்கையாளர்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், என் ஆருயிர் நண்பர் ஹபீஸ் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்த மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே வந்திருக்கும் அன்னையரே! கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை வாகன நெரிசலை வென்று வந்த வீரர்களே! வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் இத்திரையில் பழைய சிரிப்புக் குறும்படங்கள் ஓடும். ஒன்றில், வர்ணம் காயாத கதிரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட மாப்பிள்ளை அந்தக் கதிரையோடேயே மணவறைக்குப் போகிறான். இன்னொன்றில், தொலைந்த நாயைத் தேடுபவன், மோப்பம் பிடிக்க அந்த நாயையே வாடகைக்கு எடுக்கிறான்! எனக்கு முன் பேசிய சட்டத்தரணி கிளெமென்ற், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டார். நடக்காதா? நடக்கவே நடக்காதா? ஐயா, நடந்தது! வெள்ளவத்தைக் காலி வீதியில், பட்டப்பகலில், என் கடையில் நடந்தது!

பயணப்பெட்டிக் கடை திறந்து அப்போது மூன்று மாதம். ஹம்சிகாவை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். அவர் தகப்பனார் சிவபாதசுந்தரம், "பெடியன்ரை கடைக்கு ஆக்கள் வருகினமோ எண்டு பாக்க வேணும்" என்று செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். நான் வியாபாரி, உள்ளதைச் சொல்கிறேன்: செவ்வாயில் என் கடைக்கு ஈ வரும், ஆள் வராது. கடை வெறிச்சோடினால் கல்யாணம் இல்லை!

"நான் இரிக்கிறன் தானே மச்சான், பயப்படாதே," என்றார் இதோ இந்தத் தலைவர்.

பெரியவர் வந்து அமர்ந்தார். ஹபீஸ் நீளக் காற்சட்டையில் வந்து ஒரு சிவப்புப் பெட்டியை வாங்கிப் போனார். பின்சந்தில் உடை மாற்றி, கழற்றியதைப் பெட்டிக்குள் திணித்து, பின்கதவால் வந்து அதைக் கடைத்தட்டில் வைத்தார். மறுபடி சாரமும் தொப்பியுமாய் முன்வாசலால் வந்தார். அதே பெட்டி! மூன்றாம் முறை அரைக்காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாய் வந்து, "மேக கீயத மல்லி?" என்று சிங்களத்தில் விலை கேட்டார். (மீசை இல்லையோ என்கிறார் பின்வரிசைத் தம்பி. ஒட்டப் பசை கிடைக்கவில்லை ராசா!)

பெரியவர் எழுந்தார். "பூட்டு உறுதியோ எண்டு பாத்து வாங்குங்கோ," என்று தானே அமுக்கினார். பெட்டி வாய் பிளந்தது. காற்சட்டை விழுந்தது. சாரம் விழுந்தது. தொப்பி உருண்டது. என் மானமும் உருண்டது!

அவர் சாரத்தை எடுத்து மெதுவாக மடித்தார்.

"கடைக்கு ஆக்கள் இல்லை, விளங்குது. ஆனா மூண்டு ஆளா மாறி வர ஒரு சிநேகிதன் இருக்கிறான். ஆக்கள் பிறகு வருவினம். நாள் பாப்பம் தம்பி."

"அப்ப பெட்டி வேணாமா?" என்றார் ஹபீஸ்!

அவையோரே, இந்தப் படங்களின் கரு பொய்யாயிருக்கலாம். அந்த மனிதனின் ஆசை பொய்யா? தவிப்பு பொய்யா? விழுகிறான், எழுகிறான், வெட்கப்படுகிறான். விட்டுவிட்டு வீடு திரும்புகிறானா? மாட்டான்! வெட்கத்துக்கு அஞ்சி வீட்டிலிருப்பவனுக்குக் கடையும் இல்லை, கல்யாணமும் இல்லை, கதையும் இல்லை!

இவ்வளவு பாடுபட்டேனே என்று நான் மார்தட்டும் போதெல்லாம், மூன்றாம் வரிசையில் இருக்கும் ஹம்சிகா ஒன்று சொல்வார்: "என்னட்டை ஆரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா, ஆக்கள் வராத கடைக்கே ஓம் எண்டிருப்பன்."

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். வணக்கம்!