என் குழாய், என் கம்பி

எர்த் குழாய்க்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மைசூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களில் இதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். குழாயைப் புதைத்து, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடியதும் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். மண் காய்ந்தால் அது வெறும் இரும்பு. ஈரம் இருந்தால்தான் கசிகிற கரண்டு பூமிக்குள் இறங்கும். இல்லாவிட்டால் தொடுகிற ஆளைத் தேடும். என் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கரண்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்குத் தமிழ் வரும் என்று ஸ்டேஷன் வாசலில் சொன்னார்கள், மஞ்சுநாத் சார். கொள்ளேகாலத்தில் சர்வீஸ் பார்த்தவராமே. நல்லதாயிற்று. கன்னடம் எனக்கு வியாபார பாஷை. அதில் பொய் சரளமாக வந்துவிடும். என் பெயர் பார்த்தசாரதி, பாச்சு என்றால்தான் தெருவில் தெரியும். போன வருஷம், தொண்ணூற்றெட்டு தசராவில், கம்ப்யூட்டர் மேளாவில் பூங்குழலி என்று ஒரு பெண் ஷாக் அடித்து இறந்தாள். விபத்து என்று மூடினீர்கள். விபத்துதான். அதில் கொஞ்சம் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

கம்ப்யூட்டரின் மூளை ஒரு சின்னச் சில்லு. பிராசஸர் என்போம். அதைச் செய்கிறவர்களில் பெரிய கம்பெனி ஒன்று, அதை முந்தப் பார்க்கிற சின்னக் கம்பெனி ஒன்று. கேம் யாருடைய சில்லில் வேகமாக ஓடுகிறது என்று இரண்டுக்கும் சண்டை. திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பதுதான் கணக்கு. நிறைய மாறினால் கார் ரேஸில் கார் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் திக்கித் திக்கிப் போகும். அப்பாக்கள் படிப்புக்கென்று வாங்க வருவார்கள், பிள்ளைகள் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு இதுதான் வேண்டும் என்பார்கள். அமெரிக்காக்காரன் சண்டையில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பேப்பரில் விளம்பரம் போட்டு அடித்துக்கொண்டால் போதும், இங்கே நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவோம்.

நான் பெரிய கம்பெனிக்கு டீலர். வங்கி வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை. என் மாமனார் இன்றைக்கும் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், "பேங்க்ல இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு கடை தள்ளி சின்னக் கம்பெனிச் சில்லை விற்றவன் சென்னிமலை, பூங்குழலியின் கணவன். கொள்ளேகாலத்தை அடுத்த மார்டள்ளிப் பக்கம் ராகியும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். டிப்ளமோ படித்துவிட்டு மைசூருக்கு வந்தவன். வாடிக்கைக்காரரிடம் அதிகம் பேச மாட்டான். "நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிடுவான். பார்த்தவர்கள் வாங்கிவிடுவார்கள்.

அவன் சொன்ன வேகம் நிஜம். என் கடைப் பலகையில் எழுதியிருந்த வேகம், திரையில் படத்தைச் சின்னதாக்கிவிட்டு எடுத்த எண். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன்.

ஆகவே நானும் ஒன்று சொல்ல ஆரம்பித்தேன். அந்தச் சில்லு சூடாகும், ஆட்டம் நடுவில் தொங்கிவிடும். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுபோவதை நாங்கள் தொங்குவது என்போம். வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வருஷம் இதையே சொன்னேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரவில்லை, சார். அவன் கடையில் ஒரு கம்ப்யூட்டர்கூடத் தொங்கவில்லை.

இதற்காக நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒருவர் கடையில் இல்லாத சாமானை இன்னொருவர் கடையில் கைமாற்றாக வாங்கிக்கொள்வது எங்கள் தெருவில் வழக்கம். பூங்குழலி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஊருக்குப் போய்வந்தால் அவரைக்காய் கொண்டுவந்து என் மனைவி பிரதிபாவிடம் கொடுப்பாள். பிரதிபா பதிலுக்கு பிசிபேளேபாத் கட்டிக் கொடுப்பாள். பாத்திரங்கள் போய்வந்துகொண்டே இருக்கும். அவளுடைய எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் சமையலறையில் இன்னும் இருக்கிறது.

மேளா ஒரு கல்யாண மண்டபத்துப் பின்பக்க மைதானத்தில் நடந்தது. மண் தரை, துணித் தடுப்பு, தற்காலிக ஒயரிங். எர்த் கிடையாது. என் ஸ்டாலுக்குப் பின்னால் நானே ஒரு குழாயை இறக்கினேன். பக்கத்து ஸ்டால் சென்னிமலைக்கு வந்தது.

"அண்ணா, உங்க கொழாய்ல நம்ம கம்பியும் ஒண்ணு கட்டிக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

கட்டிக்கொள் என்றேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். நான் கெட்டவனாக இருந்தால் அன்றே முடியாது என்று சொல்லியிருப்பேனே.

மேளாவில் கூட்டமெல்லாம் அவன் ஸ்டாலில். பெங்களூரிலிருந்து எங்கள் ஏரியா மானேஜர் வந்தார். என் நாற்காலியில் உட்காராமல், அவன் ஸ்டாலில் கார் ஓடுவதையே நின்று பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆயுத பூஜை அன்று ஒரு இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து வருகிறார்கள், லேப் முழுவதற்கும் வாங்கப் போகிறார்கள், இரண்டு ஸ்டாலிலும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அந்த ஆர்டர் அந்தப் பக்கம் போனால் டீலர்ஷிப்பை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டிவரும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீலர்ஷிப் போனால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் மாமனார் என்னை எப்படி அறிமுகப்படுத்துவார் என்று அந்த நேரத்தில் யோசித்தேன். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் யோசித்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சென்னிமலை வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

"அண்ணா, பவர் சப்ளை புகைஞ்சு போச்சுங்க. ஒரு கேபினெட் கைமாத்தாக் குடுங்ண்ணா, பூசை கழிஞ்சதும் தந்துபோடறேன்."

கேபினெட் என்றால் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி. பவர் சப்ளையும் அதற்குள்தான் இருக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று ஒரு வக்கீல் திருப்பிக் கொடுத்தது, தொட்டால் சுளீர் என்று அடிக்கிறதாம். வக்கீல் பெட்டியைக் கொடுத்தேன். எர்த் இருக்கிறவரைக்கும் அதனால் ஒரு தொல்லையும் வராது. புதியதை விற்க வேண்டுமே.

அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "நாளைக்குப் பூசையப்ப ஆஃப் பண்ணாம, திரையில சாமுண்டித் தாயி முன்னால வெளக்கு எரியற மாதிரி படம் ஓட்டப்போறனுங்ண்ணா. ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்சு வெச்சிருக்கறேன்" என்றான்.

பின்னால் நின்ற பூங்குழலி, "அண்ணா, நாளைக்கு அக்காளக் கூட்டிட்டு வாங்க. நம்ம கம்ப்யூட்டருக்கும் மொதப் பொட்டு அக்கா கையால வெக்கட்டும்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். குழாயில் இரண்டு கம்பிகள். ஒன்று என்னுடையது. மற்றதை அவிழ்த்து மண்ணில் போட்டேன். என் குழாய், என் இடத்தில் நான் புதைத்தது. அதிலிருந்து ஒரு கம்பியை எடுப்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் அவிழ்த்தாய் என்று கேட்பீர்கள். எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தாறுமாறாக நடக்கும், தானாக நின்று தானாகக் கிளம்பும். கல்லூரிக்காரர்கள் முன்னால் அது ஒரே ஒரு தடவை தொங்க வேண்டும். ஒரு வருஷமாக நான் சொல்லிவந்த பொய் ஒரு தடவையாவது நிஜமாக வேண்டும். இதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவிழ்த்துவிட்டு, மீதித் தண்ணீரைக் குழாயில் ஊற்றினேன். அதை மட்டும் நான் விட்டதில்லை.

சென்னிமலை வாசலில் உடைக்கப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். பூங்குழலி தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு வந்தாள். ஸ்டாலின் மண் தரையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். பூஜை என்பதால் காலில் செருப்பு இல்லை. திரையில் விளக்குச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது, நிஜமாகவே அழகாகச் செய்திருந்தான். சந்தனக் கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு, இடது கையைப் பெட்டியின் மேல் ஊன்றிக் குனிந்தாள்.

சத்தம் எதுவும் இல்லை. கிண்ணம்தான் விழுந்தது. அவள் குனிந்தபடியே இருந்ததால் கும்பிடுகிறாள் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கியது நான். குடம் தூக்கிய கை ஈரமாக இருந்தது, துடைத்துக்கொண்டு போனேன். கரண்டு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றப் பார்த்தவர் என்று ஒரு பத்திரிகையில் என் பெயர் வந்தது. நான் யாரிடமும் போய்ப் போடச் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பிளக்கைப் பிடுங்குகிற வரையில் அந்தச் சுடர் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவள் கை அதன் மேல் இருந்தபோதும் அந்தக் கம்ப்யூட்டர் தொங்கவில்லை, சார்.

கம்பி அவிழ்ந்து கிடப்பதை உங்கள் ஆட்கள் பார்த்தார்கள். கட்டியவன் சரியாகக் கட்டவில்லை, அஜாக்கிரதை என்று எழுதினார்கள். பெட்டி யாருடையது என்று கேட்டதற்கு, தன்னுடையது என்று சென்னிமலை சொன்னான். ஆபத்துக்கு உதவியவனை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது என்று நினைத்திருப்பான். ஊரில் மட்டும் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள், அந்தச் சில்லு ஆளையே அடிக்கும் என்று. அதை நான் சொல்லவில்லை. யாராவது கேட்டால் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். கல்லூரி ஆர்டர் எனக்கு வந்தது.

அவளை மார்டள்ளிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தவன், கடையை மூடுவதற்கு முன் என்னிடம் வந்து உட்கார்ந்தான். கண்ணில் உயிரே இல்லை.

"நான் கட்டுன கட்டு சரியா எறுகலீங்ண்ணா. நானே அவளக் கொன்னுபோட்டேன்" என்றான்.

அப்படியெல்லாம் நினைக்காதே, எல்லாம் தலையெழுத்து என்று ஆறுதல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவன் கையை விட்டதும் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. கரண்டு இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த இரும்பையும் தொடுவதில்லை. கரண்டு போய் ஊரே இருட்டாக இருக்கும்போதுகூட டெஸ்டரில் அந்தச் சின்ன பல்பு எரிகிறது. கடை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினால் எரியவில்லை என்கிறார்கள். ரப்பர் செருப்பு இல்லாமல் தரையில் கால் வைக்க முடியவில்லை, பூஜை அறையில்கூட. என் கடைக் கம்ப்யூட்டர்களும் இப்போது தொங்குகின்றன. கார் ரேஸ் பாதியில் நின்று திரை முழுக்க இருட்டாகி, நடுவில் ஒரு சுடர் மட்டும் ஆடுகிறது. சந்தன வாசனை வருகிறது. சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் குழாயில் ஊற்றுகிறேன். எத்தனை ஊற்றினாலும் மண் உறிஞ்சிக்கொள்கிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பேன். இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பிரதிபா கடைக்கு வர மறுத்துவிட்டாள். குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு வருஷமாகக் கேட்க வேண்டும் என்றிருந்தாளாம்.

"ஏன்னா, அன்னிக்கு என் கையை எதுக்குப் பிடிச்சேள்?" என்றாள்.

அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பூங்குழலியின் தூக்கை மட்டும் கழுவித் துடைத்து மேடைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பிரதிபா அன்று மேளாவுக்கு வந்திருந்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று. என் ஸ்டாலில் பொட்டு வைத்து முடித்திருந்தாள். பக்கத்திலிருந்து பூங்குழலி, "அக்கா, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டு நிக்கறேன். மொதப் பொட்டு நீங்க வெய்ங்க" என்று கூப்பிட்டாள். பிரதிபா சிமிழை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் கால் வைக்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, வளையல் ஒன்று உடைந்தது.

"நீ போக வேண்டாம். முதல்ல அவ வெக்கட்டும்" என்றேன்.

பேனாவை நிறுத்திவிட்டீர்களே, சார். கம்ப்யூட்டர் தொங்க வேண்டும் என்றுதான் கம்பியை அவிழ்த்தேன், வேறு எண்ணமே எனக்கு இல்லை. இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கையைப் பிடித்ததை மட்டும் எழுத வேண்டாம். அது புருஷன் பெண்டாட்டி விஷயம்.