நாற்பத்தொரு கையெழுத்து

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மூன்று ஷிப்டிலிருந்தும் சீருடையோடு வந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மேடையில் உட்கார்ந்திருக்கும் ஆலை மேலாளருக்கு மட்டும் வணக்கம் இல்லை. அவரிடம் வேறு பேச்சு இருக்கிறது, வருகிறேன்.

நம்மை விட்டுப் போனவர் யார்? காகிதம்போல் மடங்கும் சூரிய மின்தாளை இந்த ஆலையில் முதன்முதலில் ஓட்டிக் காட்டிய முதுநிலை மேற்பார்வையாளர். நமக்கோ, சுருள் அண்ணன்! எந்திரத்தின் ஒரு முனையில் வெறும் உலோகத் தாள் அவிழும், மறுமுனையில் அதே தாள் பூச்சு ஏறி, மின்சாரம் தருவதாகச் சுற்றிக்கொள்ளும். வெளியே வரும் நிறத்தைப் பார்த்தே பூச்சு எங்கே தடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கருவி அதற்குப் பிறகுதான் சொல்லும்.

கழித்துப்போட்ட துண்டுகளை ஒட்டி அண்ணிக்கு ஒரு குடை செய்தார். "ஏங்க, இத மழைக்குப் பிடிக்கணுமா, வெயிலுக்குப் பிடிக்கணுமா?" என்று அண்ணி கேட்க, "போனுக்குப் பிடி, சார்ஜ் ஏறும்" என்றாராம்! சிரியுங்கள் அண்ணி. நீங்கள் சிரிக்கத்தான் அவர் அதைச் சொன்னார்.

அந்த மனிதரைப் பற்றி நிர்வாக அறிக்கை என்ன சொல்கிறது? 'முகமூடி அணியாமல் உலை அறைக்குள் நுழைந்த சொந்தக் கவனக்குறைவால் இறந்தார்.' கவனக்குறைவா? சுருள் அண்ணனுக்கா? அன்று பிற்பகல் அந்த அறைக்குள் இருந்தவள் நான். பூச்சுக்கு விடும் செலீனியம் நச்சுவாயு கசிந்தது. அலாரம் அடிக்கவில்லை. "ஏம்மா, நாத்தம் தெரியலையா? வெளிய ஓடு!" என்று கத்திக்கொண்டே வந்தவர், தன் முகமூடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினார். அவர் முகத்தில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் என்னிடம் வந்து கேளுங்கள்!

அலாரம் ஏன் அடிக்கவில்லை? அடித்தால் எந்திரம் நிற்கும். நின்றால் பாதி பூசிய சுருள் முழுவதும் குப்பை. ஒரே வாரத்தில் மூன்று சுருள் அப்படிப் போனதும், "அந்த ஒயரப் பிடுங்கி விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றவர் யார்? அண்ணன் இரண்டு முறை ஒயரைத் திரும்ப மாட்டினார். இரண்டு முறையும் பிடுங்க வைத்தவர் யார்? இன்று கேட்டால், அப்படி ஓர் உத்தரவே இல்லையாம்!

தோழர்களே, ஒவ்வொரு சுருளின் கடைசியிலும் ஒரு சாண் வெட்டி எடுப்போமே, அந்த வால் துண்டு. அதன் முதுகில் விவரம் எழுதி நீட்டினால், சுருள் வெளியே போகலாம் என்று மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். எப்படிப் போடுவார்? போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அடுக்காக நீட்டினால் அடுக்காகப் போடுவார். ஒன்றையும் படித்ததில்லை. அண்ணனுக்கு இது தெரியாதா? ஒயர் பிடுங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு வரி சேர்த்தார்: 'மேலாளர் உத்தரவால் கேஸ் அலாரம் துண்டித்த நிலையில் ஓடியது.' அதற்குக் கீழே, ஐயா, உங்கள் கையெழுத்து! நாற்பத்தொரு சுருள், நாற்பத்தொரு கையெழுத்து!

அண்ணன் போன மறுநாளே பதிவேட்டை அள்ளிக்கொண்டு போன உங்களுக்கு, வால் துண்டுகளை அடுக்கி வைக்கும் மாதிரி அலமாரி ஞாபகம் வரவில்லை. எங்களுக்கு வந்தது. நாற்பது துண்டுகள் இன்று காலை முதல் பாதுகாப்பு ஆய்வாளரின் மேசையில் இருக்கின்றன.

எனக்கு ஆத்திரம் இல்லை என்று நாகரிகமாகப் பேச மாட்டேன். இருக்கிறது! நீங்கள் கூண்டில் ஏறி நிற்பதைப் பார்க்காமல் என் நெஞ்சு ஆறாது. அலாரம் அடித்துக் காட்டாமல் இனி ஒரு சுருளையும் எந்திரத்தில் ஏற்ற மாட்டோம். அண்ணன் விட்ட இடத்திலிருந்து அவர் பூசிய மாதிரியே பூசுவோம். அவர் பெயரில் நீங்கள் பூசியதைச் சுரண்டி எடுக்காமல் ஓயவும் மாட்டோம்!

நிகழ்ச்சி நிரல்படி அடுத்துப் பேச வேண்டியவர் மேலாளர். வாங்க சார். மைக் இருக்கு. நாற்பத்தொண்ணாவது துண்டு இதோ என் கையில இருக்கு. முதுகுப் பக்கத்தத் திருப்பி, சத்தமாப் படிங்க. அண்ணி கேக்கணும்.