ரொகாட்டா எழுதித் தந்த கடிதம்

பேரீச்சம்பழத்தின் கொட்டையை முன்பே எடுத்துவிட வேண்டும், ஆயரே. சிறைக்குள் இருட்டு, பசியில் கொட்டையையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். எங்கள் கார்த்தேஜ் சிறையில் அரசாங்கம் சோறும் தராது, தண்ணீரும் தராது. வெளியிலிருந்து யாராவது கொண்டுபோக வேண்டும். மீன் விற்கும் விதவை ரொகாட்டாவுக்கு நான் கொண்டுபோனேன்.

ரோமத் தெய்வங்களை வணங்காதவர்களுக்குச் சிறை என்று பேரரசரின் ஆணை வந்த முதல் வாரமே நான் குடும்பத்தோடு போய்ச் சாம்பிராணி போட்டுவிட்டேன். சபை எங்களை விலக்கியது. திரும்பிச் சேர ஒரு வழி இருந்தது. தாங்கள் அறிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். விசுவாசத்துக்காகச் சிறையில் இருப்பவர் நமக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் தரலாம். அவர் உயிரை விட்டபின் அது செல்லும். அவரே மறுதலித்துவிட்டால் அது வெறும் தாள். ரொகாட்டா எனக்கும் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் சேர்த்து எழுதித் தந்தாள்.

மறுவாரம் சொன்னாள்: "என்னால முடியலண்ணே. எட்டு நாள்ல அதிகாரி வர்றாராம். நானும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுட்டு வீட்டுக்குப் போறேன். திட்டாதீங்க."

நான் திட்டவில்லை. "தூங்கும்மா" என்றேன்.

அவளை நான் தொடக்கூட இல்லை. கூடையோடு போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். சபைப் பெண்களிடம், அவள் நோன்பிருக்கிறாள், யாரும் போகவேண்டாம் என்றேன். மகிழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காவலன் முத்தும்பால் என் மண்விளக்குக் கடைக்கே வந்தான்.

"என்னய்யா விளக்குக்காரரே, உம்ம தங்கச்சி தண்ணி தண்ணின்னு கதவைப் பிராண்டுறா. எங்களத் தூங்க விடல. உங்க சாமி மேலேர்ந்து ஊத்துமா?"

"நோன்பு."

"அதை அவகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

சிரித்துவிட்டுப் போனான். நான் அச்சிலிருந்து விளக்கின் இரு பாதிகளையும் எடுத்து ஒட்டினேன். மண் காய்வதற்குள் ஒட்டினால்தான் எண்ணெய் கசியாது.

ஆறாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். விரல் நுனிகள் புண்ணாகியிருந்தன. சங்கிலி உராய்ந்தது என்றேன். சிறையில் பட்டினியால் இறந்தாலும் தியாகிதான் என்று சபை அவள் இறந்த நாளைக் குறித்துக்கொண்டது. சாம்பிராணி போட்டிருந்தால் அவள் பெயரை இன்று யார் சொல்வார்கள்?

தாங்கள் கேட்டதால் சொல்கிறேன். அவளைக் கொன்றது நான்தான். ஆனால் நேற்றுக் கடிதத்தை மறுபடி வாசித்தேன், ஆயரே. சாம்பிராணி போட்டதை மட்டும் என்று அவள் எழுதவில்லை. இவர் செய்த எல்லாவற்றையும் மன்னியுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறாள்.