விட்டுக்கொடுத்த சிவப்புக் காய்

இல்ல இல்ல, ஆட்டம் முடியல, உட்காருங்க மெக்கானிக். அந்தச் சிவப்புக் காய ஏன் விட்டீங்க? குழி வாசல்லயே நின்னுச்சு, ஊதியிருந்தாக்கூட உள்ள விழுந்திருக்கும். நீங்க என்னடான்னா கட்டைல இடிச்சுட்டு, ஐயோ போச்சேன்னு நடிக்கிறீங்க. போன வாரம் வரைக்கும் என்னைப் பெருசுன்னு கூப்பிட்டீங்க. இன்னைக்கு வந்ததுலேர்ந்து சார், சார். யாரு சொன்னா, டீக்கடைக்காரரா? வண்டிய நிறுத்துறப்பவே நெனச்சேன், பாத்துட்டாருன்னு.

சரி, நான்தான் அந்த பிளாஸ்டிக் வாளிக் கம்பெனி ஓனர். ஊர்ல பாதிப் பேரு என் வாளிலதான் குளிக்கிறாங்க. அதுக்காக? விட்டுக்குடுக்க வீட்லயே ஆளிருக்கே, அதுக்கா இத்தனை படி ஏறி, மூச்சு வாங்கி, இந்த கேரம் கிளப்புக்கு வரேன்? எங்க மாப்பிள்ளை என்னோட ஆடுனா, அவரு காயையும் நானே போடணும். ஒருநாள் சாப்பிடுறப்ப ஒரு ஜோக்கு ஆரம்பிச்சேன். பாதில மறந்துபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜரு கண்ணக்கூடத் தொடச்சுக்கிட்டாரு. நானும் சேந்து சிரிச்சேன், வேற என்ன பண்றது?

என் சம்சாரம் இருந்தவரைக்கும் பரவால்ல. வாயத் தொறக்கறதுக்குள்ள உளறாதீங்கம்பா. அவ போனப்புறம் நான் தப்பே செய்யறதில்ல.

மொத நாள் இங்க நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? என்ன பெருசு, கை இப்படி நடுங்குது, போய் டாக்டரப் பாருன்னீங்க. அட, மன்னிப்பெல்லாம் எதுக்கு? எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம். மகளக் கேட்டா, ஏசி ஜாஸ்தியா இருக்குப்பாங்குறா. மேனேஜரு, கையெழுத்து முத்து முத்தா இருக்குங்குறாரு. டாக்டரு இருக்காரே, அவரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கட்டடம் கட்டிக்குடுத்தேன், இந்த வயசுல உங்கள மாதிரி யாருங்க இருக்காங்கன்னு தோளத் தட்டுறாரு. அதான் வாரா வாரம் இங்க வரேன். கூடுதா, கொறையுதா, நீங்க திட்டுறத வெச்சுத் தெரிஞ்சுக்கலாம்ல. இன்னைக்குக் கட்டாயம் கேக்கணும்னு வந்தேன். இன்னைக்குன்னு பாத்து சார் ஆயிட்டேன்.

பெருசா ஒண்ணுமில்ல. பேத்தியப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கார்ல கூட்டிட்டுப் போறேன். டிரைவர் சும்மாதான் இருக்காரு. இருந்தாலும், ஒரு நாள்ல எனக்குன்னு இருக்கற ஒரே வேலை அதுதான். நேத்து ஒரு திருப்பத்துல வண்டி நடைபாதைல ஏறிடுச்சு. குழந்த கத்தவேயில்ல, என் சட்டையக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. வீட்ல வந்து சொல்றேன், நடைபாதையத் தப்பாக் கட்டி வெச்சிருக்காங்கங்குறாங்க.

இந்தாங்க, கைய நீட்டுறேன். நல்லா பாருங்க. நாளைக்கு நான் வண்டி எடுக்கலாமா?

என்ன, நீங்களும் கைய நீட்டுறீங்க?

ஓ. சாவியா.

இந்தாங்க. டிரைவர் வந்து வாங்கிப்பாரு.

ஆமா, எங்க ஏரியாவுக்கு எந்த நம்பர் பஸ்சு? டிக்கெட் ஏறுனப்புறம்தான வாங்கணும்?